ஏட்டுத் துளையிலிருந்து எம்.2 வரை: கணிப்பொறியில் இடம் சேர்த்த கதை

சென்ற பருவத்தில் ஒரு மாலை. ஆய்வுக்கூடத்தில் தனி ஊசல்களைக் கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் தன் மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்தபடி வந்து நின்றான். விளையாட்டுகளுக்கென்றே செய்யப்படும் கனத்த 'கேமிங் லேப்டாப்' அது.

"சார், டிஸ்க் நிறைஞ்சுபோச்சு. புது கேம் ஒண்ணு போடணும். நூறு ஜி.பி.க்கு மேல இடம் கேக்குது. இந்த ஃபோல்டரை அழிச்சிடலாம்னு பாக்கறேன்."

"அதில் என்ன இருக்கிறது?"

"எங்க ஆயா பேசினது சார். ஊர்க் கதையெல்லாம் சொல்லும். ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி வெச்சேன். போன வருஷம் தவறிட்டாங்க."

"முதலில் அந்தப் பொத்தானிலிருந்து கையை எடு" என்றேன்.

பிறகு இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஆயாவின் பேச்சு மொத்தம் பத்து மணி நேரம். அது 300 மெகாபைட்டுக்குள் அடங்கிவிட்டது. அவன் கேட்ட விளையாட்டோ அதைப்போல் முந்நூறு மடங்குக்கும் மேல். பாட்டியை அழித்தாலும் விளையாட்டுக்கு இடம் கிடைக்காது! அழிப்பதை விட்டுவிட்டு இடத்தைச் சேர்ப்பதுதான் வழி. ஆனால், "சேர்க்க முடியுமா சார்? உள்ளே திறந்தா கெட்டுப்போகாதா?" என்று அவன் பயந்தான். கணிப்பொறித் தொழில்நுட்பம் படிக்காத பலருக்கும் உள்ள பயம் இது.

இந்தப் பயம் தேவையற்றது என்பதை வரலாறு காட்டுகிறது. எழுதி வைக்க இடம் போதவில்லை என்பது மடிக்கணினியோடு பிறந்த குறையன்று. மனிதன் எழுதத் தொடங்கிய நாள் முதல் உள்ள குறை. ஒவ்வொரு காலத்திலும் அதற்குக் கண்ட தீர்வு ஏறக்குறைய ஒன்றேதான்: அளவை முன்கூட்டியே ஒப்புக்கொள்வது. அளவு பொருந்தினால் யார் வேண்டுமானாலும் புதிய இடத்தைச் சேர்க்கலாம். இதைக் காண நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. சென்னையில் அடையாற்றுப் பகுதியை ஒருமுறை சுற்றி வந்தாலே போதும்.

ஏடும் துளையும்

அடையாற்றின் தென்கரையில், கடலை ஒட்டிய பிரம்மஞான சபையின் தோப்புக்குள் 1886ஆம் ஆண்டில் கர்னல் ஆல்காட் நிறுவிய அடையாறு நூலகம் இருக்கிறது. அங்கிருந்து சிறிது தொலைவில், பெசன்ட் நகரில், 1943ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற டாக்டர் உ.வே.சாமிநாதையர் நூல்நிலையம். இரண்டிலும் ஓலைச்சுவடிகள் காக்கப்படுகின்றன.

ஒரு சுவடியின் அமைப்பைக் கவனியுங்கள். பனையோலைகளைப் பதப்படுத்தி, ஒரே நீளம், ஒரே அகலமாக நறுக்குவார்கள். ஒவ்வோர் ஏட்டிலும் இரு பக்கத்திலும் துளை இடுவார்கள். ஒரு துளையில் நாராசம் என்னும் மெல்லிய கம்பி, மற்றதில் கயிறு. மேலும் கீழும் மரச் சட்டங்கள். ஏட்டின் ஓரத்தில் வரிசை எண்.

இந்தத் துளைக்குள் ஒரு பெரிய யோசனை அடங்கியிருக்கிறது. நூல் வளர்ந்தால், அதே அளவில் நறுக்கி அதே இடத்தில் துளையிட்ட புதிய ஏடுகளைக் கயிற்றில் கோத்துக்கொள்ளலாம். பழைய ஏட்டில் ஒரு எழுத்தையும் அழிக்க வேண்டாம். துளை ஒரு விரற்கடை தள்ளி விழுந்திருந்தால், எவ்வளவு நல்ல ஓலையானாலும் கட்டில் சேராது. இதை மனத்தில் வைத்துக்கொள்வோம். பின்னால் மடிக்கணினியைத் திறக்கும்போது மறுபடியும் சந்திப்போம்.

எண்பது கட்டங்கள்

நூலகத்திலிருந்து மேற்கே, சர்தார் பட்டேல் சாலைக்குத் தெற்கில், கிண்டிக் காட்டின் ஒரு பகுதியில் மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் 1959ஆம் ஆண்டில் ஐ.ஐ.டி. தொடங்கப்பட்டது. அங்கே 1973ஆம் ஆண்டில் ஐ.பி.எம். 370/155 என்னும் பெரிய கணிப்பொறி நிறுவப்பட்டது.

அக்காலத்தில் கணிப்பொறிக்கு வேலை கொடுக்கும் முறை இன்றைய மாணவர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றும். கணிப்பொறிக்குத் தரும் கட்டளைகளைத் தடித்த தாள் அட்டைகளில் துளையிட்டுப் பதிய வேண்டும். ஓர் அட்டைக்கு ஒரு வரி. ஒரு வரிக்கு 80 எழுத்து. அட்டைக் கட்டைக் கணிப்பொறி மையத்தில் கொடுத்துவிட்டு, விடை அச்சாகி வரும்வரை காத்திருக்க வேண்டும். கட்டு கைதவறி விழுந்தால் வரிசை குலைந்துபோகும். அதனால் அட்டையின் கடைசி எட்டுக் கட்டங்களில் வரிசை எண் இடுவதுண்டு. ஏட்டின் ஓரத்தில் எண் இட்டவர்களும் இதே காரணத்துக்காகத்தானே இட்டார்கள்!

இங்கேயும் இடம் சேர்ப்பது எளிது: இன்னோர் அட்டையை வைக்க வேண்டியதுதான். ஆனால் பெருகும்போதுதான் தொல்லை. இன்று சாதாரணமாக விற்கும் ஒரு டெராபைட், அதாவது ஒரு லட்சம் கோடி எழுத்துகளை அட்டைகளில் பதிந்தால் எத்தனை அட்டை வேண்டும்? 1,250 கோடி. ஓர் அட்டையின் தடிமன் 0.18 மில்லிமீட்டர். அடுக்கிப் படுக்க வைத்தால் நீளம் சுமார் 2,200 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து ஏறக்குறைய தில்லியைத் தொட்டுவிடும்.

சுழலும் தட்டு

அட்டைக்கு மாற்று காந்தம். 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் ராமாக் என்ற கருவியை வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 உலோகத் தட்டுகள், காந்தப் பொருள் பூசப்பட்டு, ஒரே அச்சில் நிமிடத்துக்கு 1,200 முறை சுழன்றன. எடை சுமார் ஒரு டன். கொள்ளளவு 50 லட்சம் எழுத்து. இன்றைய ஒரு டெராபைட்டுக்கு ஈடாக வேண்டுமானால், அப்படிப்பட்ட கருவிகள் இரண்டரை லட்சத்துக்கும் மேல் வேண்டும்.

370 வரிசைக் கணிப்பொறிகளுக்கென 1970ஆம் ஆண்டில் வந்த தட்டு இயக்கியில் 100 மெகாபைட் கொண்ட தட்டுக்கட்டைக் கழற்றி மாட்ட முடிந்தது. இடம் நிறைந்தால் வேறொரு கட்டை மாட்டலாம். அதற்குச் சற்று முன்பே, 1968ஆம் ஆண்டில், மெமொரெக்ஸ் என்ற நிறுவனம் ஐ.பி.எம். கணிப்பொறியோடு நேரே பொருந்தும் தட்டு இயக்கிகளை விற்கத் தொடங்கியிருந்தது. இணைப்பு அளவு தெரிந்துவிட்டால், கணிப்பொறி ஒருவருடையதாகவும் கிடங்கு வேறொருவருடையதாகவும் இருக்கலாம் என்பது நிலைபெற்றது. இன்று நாம் ஒரு நிறுவனத்தின் மடிக்கணினிக்கு இன்னொரு நிறுவனத்தின் எஸ்.எஸ்.டி.யை வாங்குகிறோம் என்றால், அதன் வேர் இங்கே இருக்கிறது.

1980ஆம் ஆண்டில் சீகேட் நிறுவனத்தின் 5 மெகாபைட் தட்டு மேசைக் கணிப்பொறிக்குள் அடங்கும் அளவில் வந்தது. 1983ஆம் ஆண்டில் ஐ.பி.எம். பி.சி. எக்ஸ்.டி. என்ற கணிப்பொறி 10 மெகாபைட் தட்டோடு வெளிவந்தது. 1988ஆம் ஆண்டில் ஃபெர்ட், குரூன்பெர்க் என்ற இரு இயற்பியலாளர்கள் தனித்தனியே கண்டறிந்த பெருங்காந்தத் தடை விளைவு, மிக நுண்ணிய காந்தப் புள்ளிகளையும் படிக்க வழி செய்தது. மெகாபைட் கிகாபைட்டாயிற்று. அவ்விருவருக்கும் 2007ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது.

மடிக்கணினியில் மட்டும் சங்கடம் தொடர்ந்தது. இரண்டரை அங்குலத் தட்டு ஒன்றுக்குத்தான் பெரும்பாலும் இடம். கூடுதல் இடம் வேண்டுமானால் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். ஏட்டுக்கட்டைப் போல் சேர்க்க வழியில்லை.

சுவருக்கு அப்பால் தோன்றிய எலக்ட்ரான்

தீர்வு வேறொரு திசையிலிருந்து வந்தது. பந்தைச் சுவரில் எறிந்தால் திரும்பி வரும்; சுவரைத் துளைக்காமல் மறுபக்கம் போகாது. ஆனால் எலக்ட்ரான் போகும். குவாண்டம் இயக்கவியல் விதிகளின்படி, தடுப்புச்சுவர் போதுமான அளவு மெல்லியதாக இருந்தால், ஏறிக் கடக்கப் போதிய ஆற்றல் இல்லாத எலக்ட்ரானும் மறுபக்கம் காணப்பட வாய்ப்புண்டு. வலிமையான மின்புலத்தில் இவ்வாறு எலக்ட்ரான்கள் வெளியேறுவதை 1928ஆம் ஆண்டில் கணக்கிட்டுக் காட்டியவர்கள் ஃபௌலர், நார்டைம் என்ற இருவர்.

இந்த ஃபௌலர் நமக்கு அந்நியர் அல்லர். மயிலாப்பூரில் வளர்ந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் சென்று சேர்ந்தது இவரிடந்தான். விண்மீன்களின் முடிவைக் கணித்த மாணவருக்கு வழிகாட்டியவரின் பெயரும் சேர்ந்த ஒரு விதி, இன்று நம் சட்டைப் பையிலுள்ள கைப்பேசிக்குள் வேலை செய்கிறது.

எப்படி என்று பார்ப்போம். 1967ஆம் ஆண்டில் பெல் ஆய்வகத்தில் காங், சீ என்ற இருவர் ஒரு டிரான்சிஸ்டருக்குள், நாற்புறமும் மின்கடத்தாப் பொருள் சூழ்ந்த சிறு உலோகத் தீவு ஒன்றை வைக்கும் யோசனையை வெளியிட்டார்கள். தீவுக்குள் எலக்ட்ரான்களைப் புகுத்திவிட்டால், மின்சாரத்தை நிறுத்தினாலும் அவை வெளியேற வழியில்லை. எலக்ட்ரான் இருந்தால் ஒரு குறி, இல்லாவிட்டால் இன்னொரு குறி. ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தின் மாசுவோகா, இத்தகைய அறைகளைக் கூட்டங்கூட்டமாக ஒரே நொடிப்பொழுதில் அழித்தெழுதும் 'ஃபிளாஷ்' நினைவகத்தை 1984ஆம் ஆண்டிலும், அறைகளைச் சங்கிலிபோல் நெருக்கி அடுக்கும் 'நாண்ட்' வகையை 1987ஆம் ஆண்டிலும் அறிவித்தார்.

நாண்ட் வகையில் எழுதும்போது ஏறத்தாழ 20 வோல்ட் கொடுக்கிறார்கள். 20 வோல்ட் என்ன பெரிது என்று கேட்கலாம். தடுப்புச்சுவரின் தடிமன் சில நானோமீட்டரே ஆகையால், அங்குள்ள மின்புலம் மீட்டருக்கு நூறு கோடி வோல்ட் என்ற அளவை எட்டுகிறது! எலக்ட்ரான்கள் சுவரைக் கடக்கின்றன. இன்றைய சில்லுகள் பலவற்றில் உலோகத் தீவுக்குப் பதிலாக நைட்ரைடு அடுக்கு எலக்ட்ரான்களைப் பிடித்து வைக்கிறது, தத்துவம் அதுவே. அறைகளை மாடி மாடியாக அடுக்குவதும் 2013 முதல் வழக்கத்துக்கு வந்தது. முதலில் 24 அடுக்கு. இப்போது 200க்கும் மேல்.

இருபத்திரண்டு மில்லிமீட்டர்

சுழலும் தட்டு போனபின், பெட்டி எதற்கு? சில்லுகளை ஒரு சிறு பலகையில் பதித்தாலே போதும். இதற்கான ஒப்புக்கொண்ட அளவுதான் எம்.2. 2013ஆம் ஆண்டில் இதன் விதிமுறை வெளியாயிற்று. மடிக்கணினிகளில் மிகுதியாகக் காணப்படும் பலகை 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். அதனால்தான் அதன் மீது 2280 என்று அச்சிட்டிருக்கிறார்கள். 2230, 2242 என்று குட்டையான வகைகளும் உண்டு. எடை சில கிராம். விளையாட்டு மடிக்கணினிகள் பலவற்றில் இத்தகைய செருகிடம் இரண்டு இருக்கும். ஒன்று பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். பழைய கட்டைக் குலைக்காமல் புதிய ஏட்டைக் கோக்கும் வசதி மடிக்கணினிக்கும் வந்துவிட்டது.

ஆனால் அளவு பொருந்தினால் மட்டும் போதாது. பேசும் மொழியும் பொருந்த வேண்டும். சாட்டா என்பது சுழலும் தட்டுகளுக்காக வகுத்த பழைய முறை. ரேஷன் கடையில் ஒரே ஒரு சன்னல்போல, ஒரே வரிசையில் 32 கட்டளைகள் வரை நிற்கலாம். வேகம் நொடிக்குச் சுமார் 550 மெகாபைட்டுக்கு மேல் போகாது. 2011ஆம் ஆண்டில் வகுத்த என்.வி.எம்.ஈ. முறை ஃபிளாஷ் நினைவகத்துக்கென்றே பிறந்தது. இதில் ஆயிரக்கணக்கான சன்னல்களைத் திறக்கலாம். வேகம் நொடிக்கு 3,500, 7,000 மெகாபைட் என்று போகிறது. எம்.2 பலகை இவ்விரு மொழிகளிலும் விற்கிறது!

இந்த இடத்தில் நானே சறுக்கினேன். மாணவனோடு ரிச்சி தெருவுக்குப் போய், விலை மலிவாக இருக்கிறதே என்று ஒரு பலகையை வாங்கிவந்து செருகினேன். அழகாக உள்ளே போயிற்று. மடிக்கணினியோ அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பிறகுதான் விளிம்பைப் பார்த்தேன்: இரண்டு வெட்டுகள். அது சாட்டா வகை. அவனுடைய கணினியின் செருகிடம் என்.வி.எம்.ஈ. மட்டுமே அறியும். அதற்கான பலகையில் பொதுவாக ஒரே வெட்டுத்தான் இருக்கும். இருவெட்டுப் பலகைகளிலும் என்.வி.எம்.ஈ. வகை உண்டு, ஆகவே வெட்டையும் பாருங்கள், உறையில் எழுதியிருப்பதையும் படியுங்கள். துளை தள்ளி விழுந்த ஏட்டைக் கயிற்றில் கோக்க முயன்ற கதைதான் என்னுடையது.

நீங்களே சேர்க்க

பலகையை மாற்றி வாங்கிய பிறகு வேலை அரை மணியில் முடிந்தது. வரிசையைச் சொல்கிறேன்.

முதலில், உங்கள் மடிக்கணினியின் கையேட்டில் காலிச் செருகிடம் உண்டா, எந்த நீளம், எந்த மொழி என்று பாருங்கள். திறந்தால் உத்தரவாதம் போகுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். முக்கியமான கோப்புகளுக்கு வெளியே ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.

கணினியை முழுவதுமாக நிறுத்தி, மின்கம்பியைப் பிடுங்குங்கள். அடிப்பக்கத் திருகுகள் எல்லாம் ஒரே நீளமாக இரா. ஒரு தாளில் கணினியின் அடிப்பக்கத்தை வரைந்து, ஒவ்வொரு திருகையும் அதனதன் இடத்தில் ஒட்டி வையுங்கள். மூடியை உலோக முனையால் நெம்பாதீர்கள். பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்று போதும். உள்ளே கையேடு சொல்லும் இடத்தில் மின்கலத்தின் இணைப்பைக் கழற்றுங்கள். குளிரூட்டிய அறையின் வறண்ட காற்றில் உடம்பில் நிலைமின்னூட்டம் சேரும். அது சில்லின் மெல்லிய சுவரைப் பொத்துவிடும். ஆகவே தரையோடு தொடர்புள்ள உலோகம் எதையாவது முதலில் தொட்டுவிட்டு, பலகையை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள்.

வெட்டு பொருந்துமாறு பலகையைச் சற்றுச் சாய்வாகச் செருகி, மெல்லப் படுக்க வைத்து, முனையில் சிறு திருகை இறுக்குங்கள். அழுத்தம் வேண்டாம், பொருந்தினால் தானே போகும். அந்தத் திருகு சில கணினிகளில் இருப்பதில்லை; முன்பே பார்த்து வாங்கிவிடுங்கள்.

கணினியை இயக்கியதும் புதிய இடம் தோன்றாது. பலரும் இங்கேதான் "கெட்டுப்போச்சு" என்று கலங்குகிறார்கள். கெடவில்லை, வெற்று ஓலையில் இன்னும் வரி பிடிக்கவில்லை, அவ்வளவுதான். விண்டோஸில் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்ற பகுதியைத் திறந்து, புதிய தட்டை ஜி.பி.டி. முறையில் தொடங்கிவைத்து, வடிவமைக்க வேண்டும். தவறிப் பழைய தட்டைத் தேர்ந்துவிடாதீர்கள். கொள்ளளவை இருமுறை சரிபாருங்கள். ஒரு டெராபைட் வாங்கினால் 931 கிகாபைட் என்றே காட்டும். விற்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்; விண்டோஸ் 1,024ஆக எண்ணுகிறது. மரக்கால் வேறு, நெல் குறையவில்லை.

காலிச் செருகிடமே இல்லாத கணினிக்கு யு.எஸ்.பி. வழியே மாட்டும் வெளித்தட்டு போதும்.

இடம் வேறு, காவல் வேறு

மாணவன் மகிழ்ச்சியோடு விளையாட்டைப் புதிய தட்டில் ஏற்றினான். அப்போது அவனிடம் ஒன்று சொன்னேன். அதை உங்களிடமும் சொல்ல வேண்டும்.

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் இரவு அடையாறு கரை மீறியபோது, நாங்கள் கோட்டூர்புரத்தில் தரைத்தளத்தில் குடியிருந்தோம். என் தந்தை மறைந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவர் பாடியவை சில என் கணினியில் இருந்தன. எச்சரிக்கையாக ஒரு வெளித்தட்டில் நகலும் எடுத்து வைத்திருந்தேன். எங்கே? அதே மேசையின் இழுப்பறையில். விடிவதற்குள் இரண்டும் தண்ணீருக்குள். போதாக்குறைக்கு, வெயிலில் காயவைத்து நானே மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன். தட்டு ஒருமுறை கிரீச்சிட்டு நின்றது. நனைந்த தட்டுக்கு மின்சாரம் கொடுக்கவே கூடாது என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

இயற்பியல் படித்த எனக்கு அன்று உறைக்காதது, ஏடு எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஓலைக்கு ஆயுள் உண்டு. பூச்சியும் ஈரமும் தின்னும். அதனால் சிதையுமுன் புதிய ஓலையில் பார்த்தெழுதினார்கள். ஒரு நூலுக்கு ஊருக்கொரு பிரதி இருந்தது. ஓரிடத்தில் ஆற்றில் விட்டோ நெருப்பில் இட்டோ போன நூலை, வேறோர் ஊர்ப் பிரதியிலிருந்து மீட்டதால்தான் சாமிநாதையரால் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியையும், தொடர்ந்து பல நூல்களையும் பிரதிகளை ஒப்பிட்டுப் பதிப்பிக்க முடிந்தது.

எஸ்.எஸ்.டி.க்கும் ஆயுள் உண்டு. சுவரைக் கடந்து உள்ளே வந்த எலக்ட்ரான், அதே விதியின்படி மெல்ல மெல்ல வெளியேயும் கசியும். மின்சாரமின்றி ஆண்டுக்கணக்கில் பெட்டியில் போட்டு வைக்க அது ஏற்றதன்று. விளையாட்டு போனால் மறுபடியும் இறக்கிக்கொள்ளலாம். ஆயாவின் குரலை எங்கிருந்து இறக்குவது?

மாணவன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு அந்த 300 மெகாபைட்டை ஒரு சிறு பென் டிரைவில் நகல் எடுத்து, ஊரிலுள்ள அத்தை வீட்டுக்கு அனுப்பினான். இன்னொரு நகலை என்னிடம் தந்தான். அது இப்போது எங்கள் வீட்டில், இரண்டாவது மாடியில் இருக்கிறது.